ஏழுமலையோடு விழித்திருந்த வாரம்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் என் கணவருடைய தொழிற்சாலைக்கு விடுமுறை விட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை இயந்திரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுவார்களாம். அந்த நாட்களில் ஆட்களுக்கு வேலை இல்லை. அவரோடு வேலை செய்கிறவர்கள் ஊட்டி, ஏற்காடு என்று கிளம்பிவிட்டார்கள். நாங்கள் தினம் ஓர் இடம் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கூடுவாஞ்சேரிக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது நான். அவர் தலையை ஆட்டினார்.

எனக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. அவர் பெயர் ஏழுமலை, செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். எங்கள் வீடு மாடியில் ஓர் அறை, அதன் மேல் நேராக மொட்டைமாடி. பகலில் கூரை கொதிக்கும், மின்விசிறி அந்தச் சூட்டைக் கிளறி விடும். அவருக்கு எப்போதும் இரவு வேலை. எனக்குத் துணிக்கடையில் பில் போடுகிற பகல் வேலை. நான் கிளம்பும்போது அவர் வருவார். வாசலில் சாவி கை மாறும். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அதிகமும் தூங்குகிற ஒரு முதுகாகத்தான் பார்த்திருக்கிறேன்.

விழித்திருக்கிற நேரத்திலும் பேச்சு ஒட்டாது. "தயிர் தீர்ந்துபோச்சு" என்று அடுப்படியிலிருந்து சொன்னால், "அப்பா நல்லா கீறாரு" என்று பதில் வரும். போன் செய்தால் எடுக்க மாட்டார், மெசேஜ்தான் போடுவார். முதலில் என் ஊர்ப் பேச்சு அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். அப்புறம், என்னையே பிடிக்கவில்லை என்று நினைக்க ஆரம்பித்தேன். ஊரில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு வேலை இருப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். இந்த வாரம் முடிந்ததும் "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். எவ்வளவு நாள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினோம். கொளவாய் ஏரியை ஜன்னலோரமாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இரவெல்லாம் வேலை செய்து பழகிய உடம்புக்குக் காலை என்றால் தூக்கம்தானே? பரனூர் தாண்டுவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. ஏரி வந்தது. கரையோடு ரயிலும் வளைந்து போவது போல இருந்தது. தண்ணீர் முழுக்க வெயில் நொறுங்கிக் கிடந்தது. அவரை எழுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தலையின் கனத்திலேயே எனக்கும் கண் செருகிவிட்டது.

விழித்தபோது ஏரியைக் காணோம், செங்கல்பட்டையும் காணோம். இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட வயல், பனை மரங்கள், யாருமில்லாத ஒரு நடைமேடை. பெயர்ப் பலகையில் பாலூர் என்று இருந்தது. காஞ்சிபுரம் போகிற ரயிலாம் அது. பதறி இறங்கினோம். அது போன பிறகு அங்கே வந்த அமைதியைப் போல ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஒரு கரிச்சான் கம்பியில் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

புங்க மரத்தடியில் ஒரு அம்மா நுங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, தூங்கிட்டீங்களா? டெய்லி யாராச்சும் இப்டி எறங்கிகினுதான் கீறாங்க" என்றார்.

அடுத்த ரயில் வர நேரம் இருந்தது. ஆளுக்கு ஒரு காயை வாங்கி, கட்டைவிரலை விட்டுத் தோண்டிச் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் நுங்கைச் சுளையாக எடுத்து ஓலையில் கட்டித் தருவார்கள். காயோடு தின்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது வரவில்லை, தண்ணீர் முகத்தில் அடித்தது. அவர் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் தூக்கலாக இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அந்த அம்மா கத்தியில் கண்ணை வைத்தபடி, "ஊரு எது நைனா?" என்று அவரைக் கேட்டார்.

"போதும்மா. நல்லா கீது" என்றார் இவர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவருக்காகச் சிரித்து வைத்தேன். "கூச்சப்பட்றாரு" என்று அந்த அம்மாவே முடிவு செய்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை வண்டியில் மாமல்லபுரம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மலையும் குளமும் வெயிலில் ஆவியாகி மிதப்பது போல இருந்தது. பின்னால் உட்கார்ந்து நான் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு லாரி வெகு நேரமாக ஹாரன் அடித்தது. இவர் ஒதுங்கவே இல்லை. கடைசியில் லாரி முட்டுகிற மாதிரி உரசிக்கொண்டு முன்னால் போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், காது செவுடா?" என்று கத்தினான்.

எனக்குக் கோபம் வந்தது. இவர் அந்த ஆளைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

மாமல்லபுரத்துப் பாறையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. ஆனால் குடைந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் வேறு உலகம். பானைக்குள் கை விட்டது போலக் குளிர்ச்சி. தூணில் சாய்ந்துகொண்டு தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டோம். ஓர் ஆடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒன்றும் தேறாது என்பது போலப் போய்விட்டது. எதிரே வெகு தூரத்தில், புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கைகள் ஆடுவது தெரிந்தது. பேச்சு எட்டவில்லை.

"தெலுங்குக்காரங்க" என்றார் இவர். அவருடைய அம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்.

"என்ன சண்டையாம்?" என்று விளையாட்டுக்குக் கேட்டேன்.

"உங்கம்மாவுக்கு மட்டும் சங்கு வாங்குன, எங்கம்மாவுக்கு எங்கன்னு அந்தம்மா கேக்குது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அந்தாளு சொல்றான், உங்கம்மாவுக்கு எதுக்குடி சங்கு, அவங்க வாயே நல்லாத்தான் ஊதுதுன்னு."

நான் சிரித்த சிரிப்பில் சாதம் புரையேறிவிட்டது. அதே நேரம் அந்தப் பெண் நிஜமாகவே கைப்பையால் அவனை ஒரு போடு போட்டாள்.

"அவ்வளவு தூரத்துல பேசுறது கேக்குதா? என்னா காதுங்க உங்களுக்கு!" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. டிபன் டப்பாவை மூட ஆரம்பித்தார். அந்த மூடி சரியாக மூடியிருந்தும் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு இருவருமே அந்தக் கல் தரையில் படுத்துத் தூங்கிவிட்டோம். காவலாளி வந்து எழுப்பும்வரை, கடல் எங்கோ என் காதுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை நெம்மேலி. அவருடைய அக்கா அமுதாவை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். போனதும் சங்கரா மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் என்றால் அணைக்கட்டு மீன். ஐஸில் கிடந்து, பஸ் ஏறி வந்து, குழம்பில் விழுந்து கரையும். இங்கே காலையில் பிடித்த மீன் சட்டியில் சுருண்டு விறைப்பாகக் கிடந்தது. அக்கா பரிமாறும்போது ஒவ்வொரு தடவையும் தம்பியின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "இன்னும் ஒரு துண்டு வைக்கட்டா?" என்று கேட்டாள். பாசம் என்று நினைத்தேன். எனக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வெயில் தணிந்ததும் கடற்கரைக்குப் போனோம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையின் சுவர் தூரத்தில் தெரிந்தது. அதைத் தாண்டி மணலும் படகுகளும்தான். காற்று என் புடவையை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. அவர் முன்னால் நடந்து, குனிந்து கிளிஞ்சல் பொறுக்கி, எனக்காகக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டே போனார். கரையேறிய படகைக் கயிற்றில் கட்டி ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று அது பின்னால் வந்தது. ஓட்டுகிறவன் படகைப் பார்த்தபடி பின்னுக்கு எடுத்தான்.

"ஓரம் போ! ஏய், ஓரம் போ!" என்று படகுக்காரர்கள் கத்தினார்கள்.

நான் விலகிவிட்டேன். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் கத்தினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக, "ஏழுமலை!" என்று. அவர் ஒரு கிளிஞ்சலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மணலில் விழுந்தோம். பெரிய சக்கரம் கைக்குட்டையின் மேல் ஏறி நின்றது.

"இன்னாய்யா நீ! சாவுறதுக்கு என் வண்டிதான் கெட்ச்சுதா?" என்று டிராக்டர்காரன் இறங்கி வந்து கத்தினான். என் முகத்தைப் பார்த்ததும் அவனே குரலை இறக்கிக்கொண்டு, "அடி கிடி படலயே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான் எழுந்திருக்கவில்லை. பாலூரும், லாரிக்காரனும், முகவாயைத் திருப்பிய அக்காவும், தெலுங்குக்காரர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றார்கள். அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அங்கேதான் பார்ப்பார். நான் அதற்கு வேறு அர்த்தம் எடுத்திருந்தேன்.

"உங்களுக்குக் காது கேக்காதா?" என்றேன்.

அவர் மணலைத் தட்டிவிட்டு இடது காதைத் தொட்டார். "இந்தக் காது சுத்தமா கேக்காதுன்னே சொல்லலாம். சின்ன வயசுல சொரம் வந்துச்சி, சீழு வச்சிகினு போயிட்ச்சி. இந்தப் பக்கம் கிட்டக்க இருந்தா சத்தம் கேக்கும், காத்து அடிச்சா அதுவும் இல்ல. பேச்சு பாதிதான் வரும். மூஞ்சப் பாத்தா மீதிய புரிஞ்சிக்குவன்."

"ஏன் சொல்லலை?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிடணும்னுதான் இருந்தன். யக்கா வேணாம்னிச்சி. அப்பால நீ தட்டு எடுத்துகினு வந்து என்னப் பாத்து சிரிச்ச. சொன்னா சிரிப்ப நிறுத்திடுவியோன்னு தோணிச்சி. அப்டியே ஒவ்வொரு நாளும் தள்ளிப் போயிட்ச்சி."

"அப்ப அந்த நைட் வேலை?"

"நானா கேட்டு வாங்கனதுதான். பகல்ல மீட்டிங் போடுவாங்க, போன்ல பேசணும், பேஜாரு. நைட்ல மிஷினு மட்டும்தான். யாரும் பேசறதில்ல. எனுக்குக் கேக்காதுன்னு யாருக்கும் தெரியாது."

காது கேட்காதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாசலில் சாவி கை மாறிய அத்தனை காலைகளும் அவராகக் கேட்டு வாங்கியவை என்பதுதான் நெஞ்சில் இடித்தது. அவரை நோகடிக்க வேண்டும் போல இருந்தது. "இந்த வாரம் முடிஞ்சதும் நான் ஊருக்குப் போறதா இருந்தேன். திரும்பி வர்றதா இல்லை" என்றேன், ஒவ்வொரு சொல்லாக.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ ஜன்னலாண்ட நின்னுகினு உங்கண்ணன்கிட்ட போன்ல பேசுன. நான் தூங்கல. பாத்துகினு இருந்தன்."

அலை வந்து கால் வரை தொட்டுவிட்டுப் போனது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் இந்த மனிதர் பாலூரில் சிரித்திருக்கிறார். எனக்காகக் கிளிஞ்சல் பொறுக்கியிருக்கிறார்.

வியாழக்கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை. மின்சாரமும் போய்விட்டது. அந்தக் கொதிக்கிற அறையில் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி களைந்தேன், துணி துவைத்தேன், மொட்டைமாடியில் காயப்போட்டேன். அது நான் பிழிந்து உதறுவதற்குள்ளேயே காய்ந்துவிட்டது. போன இடத்துக்கெல்லாம் அவர் பின்னால் வந்தார். ஈரத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். என் வாய் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். விசிறியை எடுத்து எனக்கு வீசினார். அவருக்கு வியர்வை கழுத்தில் வழிந்தது.

மதியம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் பின்னால் உட்கார்ந்து வீசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பேச ஆரம்பித்தேன், சுவரைப் பார்த்து, மெல்லிய குரலில். கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் அடித்ததைச் சொன்னேன். இந்த வீட்டில் முதல் வாரம் அழுததைச் சொன்னேன். அவர் சட்டையை மடிக்கும்போது வருகிற இரும்பு வாசனை எனக்குப் பிடிக்கும் என்பதைச் சொன்னேன். போக வேண்டும் என்று நினைத்ததையும், போனால் இந்த முதுகை யார் பார்ப்பார்கள் என்று நினைத்ததையும் சொன்னேன். விசிறி ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது என்கிற தைரியத்தில்தான் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. திரும்பி உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக, "நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்" என்றேன்.

"போலாம்" என்றார் உடனே. "திங்கக்கெழம போய் பகல் ஷிப்ட்டு கேக்கறன். நெசத்த சொல்லியே கேக்கறன். குடுக்கலன்னா வேற வேல பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை திரும்பவும் செங்கல்பட்டு. இந்தத் தடவை இருவரும் தூங்கவில்லை. ஏரியை அவர் பார்த்தார், நான் அவர் ஏரியைப் பார்ப்பதைப் பார்த்தேன். தண்ணீர் வற்றிய ஓரத்தில் மாடுகள் நின்றிருந்தன. "சின்ன வயசுல இந்த ஏரி எனுக்கு சமுத்திரம்" என்றார். அவராக, நான் கேட்காமலே சொன்ன முதல் சங்கதி அது.

ஆஸ்பத்திரியில் காதைப் பரிசோதிக்கிற அறைக்குக் கண்ணாடி வைத்திருந்தார்கள். அவரை உள்ளே உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள் ஒரு பெண். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இவர் பாட்டுக்குக் கையைத் தூக்கினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். அப்புறம் கை எப்போதாவதுதான் எழுந்தது. எழாமல் தொடையில் கிடந்த அந்தக் கையைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். மண்டிக்காரர் கேட்கிறாராம், எப்போது வருகிறாய் என்றான்.

"வரலண்ணே" என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நாங்க ரெண்டு பேரும் ஆடிக்கு வர்றோம்." கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினேன். இதை அவருக்கு நானே சொல்ல வேண்டும் என்றிருந்தது.

இடது காதில் உயிர் கொஞ்சம் மிச்சம் இருப்பதாகவும், கருவி வைத்தால் அதுவும் வலது காதும் பழகும் என்றும் டாக்டர் சொன்னார். வயதான பிறகு போனதல்ல, அதனால் மூளை கற்றுக்கொள்ள நாளாகும், பொறுமை வேண்டும் என்றார். போட்டுப் பார்க்கச் சொல்லி, மாலைவரை வைத்துக்கொள்ள இரண்டு கருவிகளைக் கொடுத்தார்கள். சுண்டைக்காய் அளவுதான் இருந்தன.

தெருவுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா இது! எல்லாரும் இப்டிதான் கத்திகினு கீறாங்களா, டெய்லி?"

"டெய்லிதான்."

"எப்டி தாங்குறீங்க?"

என் கையைப் பிடித்துக்கொண்டு, புது ஊருக்கு வந்தவர் மாதிரி நடந்தார். கரும்புச்சாறு பிழிகிற இயந்திரம், தாம்பரம் தாம்பரம் என்று கூவுகிற ஷேர் ஆட்டோக்காரர், ஷட்டர் இழுக்கிற ஓசை என்று ஒவ்வொன்றுக்கும் தலை திரும்பியது. சில நேரம் தப்பான பக்கம் திரும்பியது. என் கையில் மருந்துக்கடை பிளாஸ்டிக் பை இருந்தது. அதைக் காட்டி, "இந்தக் கவரு இவ்ளோ சத்தம் போடுமா?" என்று கேட்டார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கருவியைக் கழற்றினார். என்ன நினைத்தாரோ, திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து நிழலாக இருந்தது. அதற்குள் என்னை அழைத்துக்கொண்டு போனார். என்னை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சில அடிகள் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"பேசு செல்வி" என்றார். "நான் பாக்கல."

எனக்குத் தெரிந்த முதுகுதான் அது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இத்தனை நாளாக அதனிடம் எவ்வளவு பேசியிருக்கிறேன்! இப்போது அது காத்துக்கொண்டு நின்றது. சொல்ல வேண்டியது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றதில், எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒரு சைக்கிள் எங்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை.

"பசிக்குது" என்றேன்.

அந்தத் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"எனுக்கும்."